வெள்ளி யார் கையில்? இடிஎஃப் யூனிட்டின் உரிமையும் ரிஸ்க்கும்

2025 அக்டோபர், தீபாவளிக்கு இன்னும் சில நாள்தான். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் போனோடு வீட்டுக்கு வந்தார். முறுக்குக்கு மாவு பிசைந்த கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, போன வாரம் வெள்ளி இடிஎஃப் வாங்கினேன். அந்த வெள்ளி இப்ப எங்க இருக்கு? எனக்கு வேணும்னா எடுத்துக் குடுப்பாங்களா?"

லட்சக்கணக்கில் முதலீடு செய்தவர்கள்கூட இதைக் கேட்பதில்லை. விலை ஏறுமா, இறங்குமா என்பதோடு நின்றுவிடுகிறார்கள். டீச்சரின் கேள்வி அதற்கு முந்தையது. நான் வாங்கியது என்ன, அதில் எனக்கு உள்ள உரிமை என்ன? இதற்குப் பதில் தெரிந்தால்தான் எந்தெந்த இடத்தில் பணம் போகும் என்பதும் தெரியவரும்.

முதலில் உரிமை. இடிஎஃப் என்பது பங்குச்சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஒரு மியூச்சுவல் ஃபண்ட் திட்டம். இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் என்பது கம்பெனி அல்ல. 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒரு டிரஸ்ட். அதைத் தொடங்குபவர் ஸ்பான்ஸர். முதலீட்டாளர்கள் சார்பில் சொத்துக்குக் காவலாக இருப்பவர்கள் டிரஸ்டிகள். எதை வாங்குவது, எதை விற்பது என்ற அன்றாட வேலையைப் பார்ப்பது ஏஎம்சி எனப்படும் சொத்து மேலாண்மை நிறுவனம். நாம் விளம்பரத்தில் பார்க்கும் பெயர் இதனுடையது. வாங்கிய பங்கையோ உலோகத்தையோ தன் பொறுப்பில் வைத்திருப்பது கஸ்டோடியன் என்ற இன்னொரு நிறுவனம்.

ஆகவே டீச்சரின் வெள்ளி, கஸ்டோடியனின் பெட்டகத்தில் 99.9 சதவீதத் தூய்மை கொண்ட 30 கிலோ கட்டிகளாக இருக்கிறது. அந்தக் கட்டிகள் டிரஸ்டுக்குச் சொந்தம். டிரஸ்டின் பலனில் ஒரு பங்கு யூனிட்தாரர்களுக்குச் சொந்தம். அந்தப் பலனைச் சம கூறுகளாகப் பிரித்தால் ஒரு கூறுதான் ஒரு யூனிட். நான்கு பேருக்குப் பொதுவான கூட்டுப் பட்டா நிலம் மாதிரி இது. பங்கு உண்டு, ஆனால் இந்த வரப்புக்கு இந்தப் பக்கம் என்னுடையது என்று கை நீட்டிக் காட்ட முடியாது. 30 கிலோ கட்டியில் டீச்சருக்கு உரியது எந்த மூலை என்று யாராலும் சொல்ல முடியாது. எடுத்தும் கொடுக்க மாட்டார்கள். ஃபண்ட் நிறுவனத்திடம் நேரடியாகக் கொடுக்கல் வாங்கல் செய்ய 25 கோடி ரூபாய்க்கு மேல் தொகை வேண்டும் என்பது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. அதற்குக் கீழே உள்ள எல்லோருக்கும் சாதாரண நாட்களில் வெளியேற ஒரே வாசல்தான்: சந்தையில் வாங்குபவர் யாராவது வர வேண்டும்.

"அப்ப அந்தக் கம்பெனி மூழ்கிட்டா?" என்றார் டீச்சர்.

இங்கே ஒரு நல்ல செய்தி. இந்தியாவின் முதல் இடிஎஃப், நிஃப்டி பீஸ். 50 பெரிய கம்பெனிப் பங்குகளின் பட்டியலான நிஃப்டி குறியீட்டைப் பின்பற்றுவது. பெஞ்ச்மார்க் என்ற சிறிய ஃபண்ட் நிறுவனம் கொண்டுவந்தது. 2002 ஜனவரியில் சந்தைக்கு வந்தது. 2011-இல் பெஞ்ச்மார்க்கை கோல்ட்மேன் சாக்ஸ் வாங்கியது. 2016-இல் அது ரிலையன்ஸ் கேபிடல் குழும ஃபண்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2019-இல் ஜப்பானின் நிப்பான் லைஃப் முழுப் பொறுப்புக்கு வந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2021 நவம்பரில், ரிலையன்ஸ் கேபிடலின் நிர்வாகக் குழுவை ரிசர்வ் வங்கி கலைத்தது. அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. இத்தனை கைமாற்றத்திலும், 2002-இல் யூனிட் வாங்கி வைத்தவரின் யூனிட்டுக்குப் பின்னால் நிஃப்டியின் 50 பங்குகளும் அப்படியே நின்றன. பெயர்ப்பலகைதான் மாறிக்கொண்டே வந்தது. ஏஎம்சியின் கடனுக்கு டிரஸ்டின் சொத்தில் யாரும் கை வைக்க முடியாது. இந்த ஏற்பாட்டின் ஆகப் பெரிய பலம் இது என்பேன். நகைக்கடைச் சீட்டில் பணம் கட்டிக் கடை மூடியதும் வாசலில் போய் நின்றவர்களைப் பார்த்த ஊரில், இந்த ஒரு வேறுபாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம்.

ஆனால் டிரஸ்ட் பத்திரமாக இருந்தாலும், அதற்கும் உங்களுக்கும் நடுவே புரோக்கர் இருக்கிறார். கார்வி ஸ்டாக் புரோக்கிங் விவகாரத்தை மறந்துவிடக் கூடாது. வாடிக்கையாளர்கள் எழுதிக்கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியைத் தவறாகப் பயன்படுத்தி, அவர்களுடைய பங்குகளை அந்த நிறுவனம் அடகு வைத்துக் கடன் வாங்கியதாகக் கண்டறிந்த செபி, 2019 நவம்பரில் தடை விதித்தது. 95,000-க்கும் மேற்பட்டவர்களின் சுமார் 2,300 கோடி ரூபாய் மதிப்புள்ள பங்குகள் அதில் சிக்கின. அதன் பிறகு விதிகள் இறுகின. வர்த்தகத்துக்கான பிணைத் தொகையான மார்ஜினுக்காகப் பங்குகளை அடகு வைத்தாலும் அவை, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் வாடிக்கையாளரின் டீமேட் கணக்கிலேயே இருக்கும்படி 2020-இல் மாற்றினார்கள். இருந்தாலும் நான் செய்வது ஒன்று உண்டு. புரோக்கர் ஆப் காட்டும் கணக்கை மட்டும் நம்பாமல், டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் மையங்களான என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் நேரடியாக அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து யூனிட் எண்ணிக்கையைச் சரிபார்ப்பேன். மெயிலில் வந்து கிடக்கும் அந்த பிடிஎஃப்தான் உங்கள் பட்டா. டீச்சரிடம் அதைத் திறக்கச் சொன்னேன். கடவுச்சொல் பான் எண் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

யூனிட்தாரருக்கு இல்லாத உரிமைகளும் உண்டு. நிஃப்டி இடிஎஃப் வைத்திருப்பவர், ரிலையன்ஸ் பொதுக்குழுவில் வாக்களிக்க முடியாது. அந்த வாக்கு ஃபண்ட் நிறுவனத்தின் கையில். கம்பெனிகள் தரும் டிவிடெண்ட் ஃபண்டுக்குப் போய், பெரும்பாலும் அங்கேயே மறு முதலீடாகிவிடும். இதில் இன்னும் ஒரு படி தள்ளி நிற்பவர்கள் வருங்கால வைப்பு நிதி சந்தாதாரர்கள். 2015 ஆகஸ்ட் முதல் இபிஎஃப்ஓ தன் புதிய வரவில் ஒரு பகுதியை நிஃப்டி, சென்செக்ஸ் இடிஎஃப்களில் போட்டு வருகிறது. அம்பத்தூரில் லேத் ஓட்டுபவரின் பணமும் அதில் இருக்கிறது. ஆனால் யூனிட் அவருடையது அல்ல. அவருக்கு உரியது, அறிவிக்கப்படும் வட்டியோடு சேர்ந்த இருப்புத் தொகை மட்டும்.

சரி, உரிமை பத்திரம் என்று ஆனது. அப்படியானால் டீச்சரின் பணம் ஏன் குறைந்தது? அவர் வாங்கிய சில நாளில் கணக்கில் சிவப்பு தெரிந்தது. வெள்ளி விலை அவ்வளவு இறங்கவில்லையே என்று அவருக்குக் குழப்பம். இங்கேதான் இடிஎஃப்பின் உண்மையான ரிஸ்க் இருக்கிறது. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு யூனிட்டுக்கு இரண்டு விலை. ஒன்று, அதற்குப் பின்னால் இருக்கும் வெள்ளியின் மதிப்பு. இதைத்தான் என்ஏவி, அதாவது நிகர சொத்து மதிப்பு என்கிறோம். இன்னொன்று, சந்தையில் அந்த நிமிடத்தில் யூனிட் கைமாறும் விலை. இரண்டும் ஒட்டியே இருக்க வேண்டும் என்பது சட்டமல்ல. ஒட்ட வைப்பது மார்க்கெட் மேக்கர் என்ற பெரிய வியாபாரிகளின் லாப ஆசை. சந்தை விலை என்ஏவியைவிட ஏறிவிட்டால், அவர்கள் வெள்ளியையோ அதற்கான பணத்தையோ ஃபண்டிடம் கொடுத்துப் புது யூனிட்களை வாங்கிச் சந்தையில் விற்பார்கள். வரத்து கூடும், விலை இறங்கும். சந்தை விலை இறங்கிவிட்டால் தலைகீழாகச் செய்வார்கள். கோயம்பேட்டில் தக்காளி விலை ஏறினால் ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரி கிளம்புகிற மாதிரிதான். லாரி ஓடும்வரை இரண்டு ஊர் விலையும் பெரிதாக விலகாது.

2025 அக்டோபரில் லாரி நின்றுவிட்டது. லண்டன் சந்தையில் கையிருப்பு வெள்ளிக்குக் கடும் தட்டுப்பாடு. விலை ஒரு அவுன்ஸுக்கு 50 டாலரைத் தாண்டியது. இங்கே தீபாவளி வாங்கலும் சேர்ந்துகொண்டது. இறக்குமதி வெள்ளி போதுமான அளவு கிடைக்கவில்லை. கிடைத்த வெள்ளிக்கு மொத்த வியாபாரிகள் லண்டன் விலையோடு கூடுதல் தொகை கேட்டார்கள். புது யூனிட் உருவாக்க வெள்ளி இல்லை. யூனிட் கேட்டு வருகிறவர்கள் மட்டும் நாளுக்கு நாள் கூடினார்கள். வெள்ளி இடிஎஃப்கள் என்ஏவியைவிட பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகக் கைமாறின. கோடக், எஸ்பிஐ, யூடிஐ போன்ற ஃபண்ட் நிறுவனங்கள் வெள்ளி இடிஎஃப்பிலேயே பணத்தைப் போடும் தங்கள் வெள்ளி ஃபண்ட் ஆஃப் ஃபண்ட் திட்டங்களில் மொத்தத் தொகை முதலீட்டை நிறுத்தி வைத்தன. கூடுதல் விலையில் புதிதாக வருகிறவர் நஷ்டப்படுவார் என்று ஒரு ஃபண்ட் நிறுவனமே கதவைச் சாத்துவது அடிக்கடி நடக்கும் விஷயம் அல்ல. ஆனால் சந்தைக் கதவு திறந்துதான் இருந்தது. டீச்சர் அந்த வழியாகத்தான் போனார்.

கணக்கு எளிது. யூனிட்டுக்குப் பின்னால் 100 ரூபாய் வெள்ளி இருக்கிறது. நீங்கள் 112 கொடுத்து வாங்குகிறீர்கள். இரண்டு வாரத்தில் சரக்கு வந்து சேர்கிறது, கூடுதல் தொகை கரைகிறது. வெள்ளி விலை ஒரு பைசா மாறாமலே உங்கள் யூனிட் 100 ரூபாய். போட்ட பணத்தில் 10.7 சதவீதம் போய்விட்டது. வெள்ளி 5 சதவீதம் ஏறியிருந்தால்கூட 105-தான், அப்போதும் நஷ்டம். இதை வெள்ளியின் நஷ்டம் என்று சொல்லக் கூடாது. வாங்கிய விலையின் நஷ்டம் இது.

வெளிநாட்டுப் பங்கு இடிஎஃப்களில் இதே கதை இன்னும் நீளமாக ஓடுகிறது. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டில் முதலீடு செய்ய ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு 700 கோடி டாலர். வெளிநாட்டு இடிஎஃப்களில் போட தனியாக 100 கோடி டாலர். 2022 தொடக்கத்தில் முதல் வரம்பு நெருங்கியதும் செபி நிறுத்தச் சொன்னது. 2024 ஏப்ரலில் இரண்டாவது வரம்புக்கும் அதே கதி. அமெரிக்கப் பங்குக் குறியீடான நாஸ்டாக் 100-ஐப் பின்பற்றும் நம் ஊர் இடிஎஃப்பில் புது யூனிட் தாராளமாக உருவாக வழியில்லை என்றால், அமெரிக்கப் பங்கு வேண்டும் என்கிறவர்கள் இருக்கிற யூனிட்டுகளுக்கே போட்டி போடுவார்கள். என்ஏவியைவிட 10 சதவீதம், சில நாட்களில் அதற்கும் மேல் கூட்டி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் வாங்கியதில் ஒரு பகுதி அமெரிக்கத் தொழில்நுட்பக் கம்பெனி, மறு பகுதி இந்திய அந்நியச் செலாவணி விதி. நாளைக்கே வரம்பை உயர்த்திவிட்டால் அந்த மறு பகுதி மறைந்துவிடும்.

செபி இதில் சிறு முதலீட்டாளருக்கு ஒரு பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. இடிஎஃப்பின் சந்தை விலை தொடர்ந்து 7 வர்த்தக நாட்கள் என்ஏவியைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தால், யார் வேண்டுமானாலும் நேரடியாக ஃபண்டிடமே யூனிட்டைக் கொடுத்துப் பணம் வாங்கலாம். வெளியேறும் கட்டணம் கிடையாது. நல்ல விதி. ஆனால் அது மலிவாக விற்க நேர்ந்தவருக்குக் கைகொடுப்பது. அதிக விலை கொடுத்து வாங்கிவிட்டவருக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. அவர் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பார்ப்பது எப்படி? பங்கு இடிஎஃப்களுக்கு ஐஎன்ஏவி எனப்படும் அந்தந்த நேரத்து மதிப்பை அதிகபட்சம் 15 விநாடி தாமதத்தில் வெளியிட வேண்டும். ஃபண்ட் நிறுவனத்தின் தளத்திலும் பங்குச்சந்தையின் தளத்திலும் அது கிடைக்கும். டீச்சர் வாங்கிய ஆப்பில் அந்த எண்ணே இல்லை. பெரிதாக ஒரு விலை, அதன் கீழே ஒரு பச்சைப் பொத்தான். எனக்கு இதில் வருத்தம் உண்டு. பால் பாக்கெட்டில் எம்ஆர்பி போடச் சொல்கிற நாட்டில், யூனிட் விலைக்குப் பக்கத்திலேயே ஐஎன்ஏவியைக் காட்டாமல் வாங்கும் பொத்தானைத் தரக் கூடாது.

இன்னொரு விஷயம், வாங்க விற்க ஆள் இருக்கிறார்களா என்பது. நிஃப்டி பீஸ், தங்க இடிஎஃப்பான கோல்ட் பீஸ் போன்றவற்றில் கூட்டம் எப்போதும் இருக்கும். ஆனால் ஏதோ ஒரு துறைக் குறியீட்டையோ வித்தியாசமான சூத்திரத்தையோ பின்பற்றும் இடிஎஃப்களில் பல, மதியம் இரண்டு மணிக்கு ஈ ஓட்டுகிற கடைகள். மார்க்கெட் டெப்த் திரையைத் திறந்தால், வாங்க வருகிறவர் 48.10 என்பார், விற்க நிற்கிறவர் 49.60 என்பார். நடுவில் யாரும் இல்லை. அங்கே, கிடைக்கிற விலைக்கு முடித்துவிடு என்று சொல்லும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் 49.60-க்கு எடுத்துக்கொள்வீர்கள், அடுத்த நொடி விற்க வேண்டியிருந்தால் 48.10. கையை நீட்டி மடக்கியதற்கே மூன்று சதவீதம். ஒவ்வொரு இடிஎஃப்புக்கும் இரண்டு மார்க்கெட் மேக்கர்களாவது வேண்டும் என்பது விதி. சந்தை கலங்கிய நாளில் அவர்கள் விலகி நின்று அகலமான விலை சொல்வதும் நடக்கும். அமெரிக்காவிலேயே 2015 ஆகஸ்ட் 24 காலையில் பங்குகளிலும் இடிஎஃப்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வர்த்தக நிறுத்தங்கள் விழுந்தன. உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்பைவிட மிகக் கீழே சில இடிஎஃப்கள் கைமாறின. அன்று காலை மார்க்கெட் ஆர்டரில் விற்றவர்கள் விட்ட பணம் திரும்பி வரவில்லை. மதியத்துக்குள் விலை திரும்பி வந்தது. விலைக்கு வரம்பு சொல்லும் லிமிட் ஆர்டர் மட்டுமே போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதனால்தான்.

குறியீட்டை நம்பினால் போதும், கம்பெனியைப் பார்க்க வேண்டாம் என்ற பேச்சுக்கும் ஒரு எல்லை உண்டு. யெஸ் வங்கி நிஃப்டி 50-இல் இருந்தது. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அதை முடக்கி, வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி செய்தது. அடுத்த வாரம் அரசு அறிவித்த சீரமைப்புத் திட்டத்தில் ஒரு வரி: 100 பங்குகளுக்கு மேல் வைத்திருப்பவர்களின் பங்குகளில் 75 சதவீதத்தை மூன்று வருடம் விற்கக் கூடாது. அதே மாதம் நிஃப்டியிலிருந்து யெஸ் வங்கியை எடுத்துவிட்டார்கள். குறியீடு கை கழுவிவிட்டது. இடிஎஃப் கழுவ முடியவில்லை. குறியீட்டில் இல்லாத ஒரு பங்கை, விற்க வழியில்லாமல், 2023 மார்ச் வரை அந்த ஃபண்டுகள் சுமந்தன. அளவில் சிறியதுதான், யாரும் அதனால் ஏழையாகவில்லை. ஆனால் குறியீடு என்பது ஒரு பட்டியல், உங்கள் யூனிட்டுக்குப் பின்னால் இருப்பது சொத்து. சொத்தைச் சட்டம் பூட்டலாம், பட்டியலைப் பூட்ட முடியாது. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது இது முழு உருவில் தெரிந்தது. 2022 மார்ச் 4 அன்று நியூயார்க்கில் ரஷ்யப் பங்கு இடிஎஃப்களின் வர்த்தகம் நின்றது. மாஸ்கோவில் இருந்த பங்குகள் சட்டப்படி அந்த ஃபண்டுகளுக்கே சொந்தம். விற்க முடியவில்லை, அவ்வளவுதான். உலகப் பங்குக் குறியீடுகளைத் தயாரிக்கும் எம்எஸ்சிஐ நிறுவனம் தன் குறியீடுகளில் அவற்றின் விலையை ஏறத்தாழ பூஜ்ஜியமாக வைத்து வெளியே எடுத்தது.

தங்க இடிஎஃப் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சங்கதிகள் மட்டும். 2007-இல் வந்த கோல்ட் பீஸ் இந்தியாவின் முதல் தங்க இடிஎஃப். ஒரு யூனிட் ஒரு கிராம் என்று தொடங்கியது. 2019 டிசம்பரில் நூறாகப் பிரித்தார்கள். தங்கம் வட்டி தராது, பெட்டகத்துக்கும் நிர்வாகத்துக்கும் செலவு உண்டு. அந்தச் செலவு தங்கத்திலிருந்துதான் போக வேண்டும். ஆண்டுக்கு 0.8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பத்து வருடத்தில் 100 கிராமுக்குப் பின்னால் இருப்பது சுமார் 92 கிராம். பெட்டியில் வைத்த நகை எடையில் குறையாது, யூனிட் குறையும். செய்கூலி, சேதாரத்தை நினைத்தால் இது மலிவுதான், ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். இரண்டாவது, பட்ஜெட். 2024 ஜூலை 23 அன்று தங்க இறக்குமதி வரி 15-இலிருந்து 6 சதவீதமானது. உலகச் சந்தையில் பெரிய அசைவு இல்லாத அந்த நாளில், சென்னையில் சவரன் ரூ.2,000-க்கு மேல் இறங்கியது. இடிஎஃப்பும் கூடவே இறங்கியது. நம் ஊர்த் தங்க விலைக்குள் அரசின் வரியும் உட்கார்ந்திருக்கிறது.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். விற்கவில்லை. வெள்ளியை ஐந்தாறு வருடம் வைத்திருக்கத்தான் வாங்கினாராம். ஆனால் வேறொன்று கேட்டார்: தனக்குப் பிறகு இது யாருக்குப் போகும்? டீமேட் கணக்கில் நாமினி இடம் காலியாக இருந்தது. மூத்த மகன் பெயரைப் போடலாம் என்றார். இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதும் அவர் எண்ணம். நாமினி என்பவர் வாங்கிக்கொள்கிறவர் மட்டும்தான், வாரிசுரிமைச் சட்டத்தை நாமினேஷன் தாண்டிவிடாது என்று கம்பெனிப் பங்குகள் குறித்த வழக்கில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவருக்கு விளக்கினேன். மகன் ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தால் சிக்கல் இல்லை, இல்லாவிட்டால் வழக்கு. உயில் எழுதிவிடுவதே நல்லது.

"எழுதிடறேன். ஆனா தம்பி, வெள்ளின்னு எழுதவா, யூனிட்னு எழுதவா?"

"யூனிட்னே எழுதுங்க டீச்சர். டீமேட் கணக்கு நம்பரைப் போட்டு, அதுல இருக்கற யூனிட் எல்லாம்னு எழுதுங்க."

மாவு காய்ந்துவிடும் என்று எழுந்தவர், மறுபடி உட்கார்ந்து, அந்த நம்பரைத் தன் டைரியில் குறித்துக்கொண்டார்.